மனுரேவா தாண்டி ஒரு கஞ்சாத் தோட்டம்

பைக் விபத்துக்குப் பிறகு என் இடது தோளில் நரம்பு வலி நின்றதே இல்லை. மாத்திரை போட்டால் பகலெல்லாம் தூக்கம். கடைசியில் மருத்துவர் கஞ்சாப் பூ எழுதிக்கொடுத்தார். சாட்டிவா என்ற இனத்தின் பக்கம் சாய்ந்த வகையாம், விழிப்பாக இருக்கலாமாம். ஆனால் கஞ்சா என்ற சொல்லுக்கு நான் வளர்ந்த மதுரை வீட்டில் அர்த்தமே வேறு. டப்பா திறக்கப்படாமலே கிடந்தது.

யாழ்ப்பாணத்துத் தோழி யசோதா, உரிமம் பெற்ற மருத்துவக் கஞ்சாப் பண்ணையில் செடி வளர்ப்பவர். "பயந்துகொண்டு இருக்காமல் வந்து பாருங்கோ" என்றார். பண்ணையில் முன்அனுமதியும் வாங்கி வைத்தார். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். கார் ஓட்டியது என் மனைவி கவிதா. நாங்கள் இப்போது வாழும் ஆக்லாந்து நகரத்திலிருந்து தெற்கு மோட்டார்வேயில் மனுரேவா தாண்டி முக்கால் மணி நேரம்.

மருந்து டப்பாவையும் போனையும் காரிலேயே விட்டோம். தலைக்கு வலை, முகத்துக்கு மாஸ்க், மேலே வெள்ளை அங்கி. கண்ணாடிக் கூடத்துக்குள் நுழைந்ததும் எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போல ஒரு வாசம், மாஸ்க்கையும் மீறி. ஆளுயரத்தைத் தாண்டிய செடிகள். மெலிந்த விரல்களாக இலைகள், மின்விசிறிக் காற்றில் எல்லாம் ஒரே பக்கம் அசைந்தன. தண்ணீருக்குள் நடப்பதாகத் தோன்றியது.

"இது மற்ற வகையள் மாதிரி இல்லை. பூக்கக் கனநாள் எடுக்கும், கூரையைத் தொடப் பார்க்கும்" என்றார் யசோதா.

"பொறுமை வேணும் போல" என்றாள் கவிதா.

"ஓம். போன முறை பூஞ்சணம் பிடிச்சு முழுக்க அழிச்சுப் போட்டம். காருக்குள்ள இருந்து அழுதனான்." சொல்லிக்கொண்டே ஒரு பூங்கொத்தைத் திருப்பி, அடிப்பக்கத்தை உற்றுப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. மூச்சை விட்டார்.

என் பயம் அங்கேயே பாதி போய்விட்டது.

மதியச் சாப்பாடு நகரத்துக்குத் திரும்பி, லின்ஃபீல்டில் யசோதா வீட்டில். பின்பக்கப் புல்லில் உட்கார்ந்து, மருத்துவர் சொன்னபடி, பூவைச் சூடாக்கி ஆவியாக்கும் வேப்பரைசரில் நான் இரண்டே இழுப்பு இழுத்தேன். தொண்டை கரகரத்தது. வேறொன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஃபிஜோவாப் பழ மரத்தின் ஒவ்வொரு இலையும் தனித்தனியாக வெயில் காய்வது தெரிந்தது. மேகங்களுக்கு அவசரமே இல்லை.

"வலிக்குதாங்க?"

"இருக்கு. ஆனா பக்கத்து வீட்ல இருக்கு."

கவிதா சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் என் வலப்பக்கம்தான் உட்காருவாள், தெரியாமல் தோளில் இடித்துவிடக் கூடாதென்று. அன்று எழுந்து வந்து இடப்பக்கம் உட்கார்ந்து, மெல்லச் சாய்ந்துகொண்டாள். நான் விலகவில்லை.

இதைப் படித்துவிட்டுக் கிளம்ப நினைப்பவர்களுக்கு: பண்ணைக்குள் முன்அனுமதி இல்லாமல் விடமாட்டார்கள். மருந்தைச் சீட்டோடு, பெயர் ஒட்டிய டப்பாவிலேயே வைத்திருங்கள். சீட்டு இல்லாமல் வைத்திருப்பது இங்கே குற்றம். எடுத்த பிறகு ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். ஊருக்குப் போகும்போது பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள். எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றும் சொல்லமாட்டேன்.

மறுநாள் காலை வலி திரும்பி வந்தது. வரட்டும். அது தள்ளி நிற்கிற ஒரு பிற்பகல் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இப்போது தெரியும்.