கப்பல் ஊதிய காலை

எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கடிகாரம் கிடையாது. ராயபுரத்தில் எங்களை எழுப்பி, வேலைக்குத் துரத்தி, சோறு தின்னச் சொல்லி, வீட்டுக்கு அனுப்பி வைத்ததெல்லாம் ஆலைச் சங்குகள்தான். நடுநடுவே துறைமுகத்துக் கப்பல்களும் தம் பங்குக்கு ஊதும். தெற்கத்தி ஊர்களிலிருந்து கடை வைக்க வந்தவர்கள் முதல் ஆறு மாதம் கப்பல் ஊதியதற்கெல்லாம் எழுந்து கடையைத் திறந்துவிட்டு ஏமாந்து நிற்பார்கள். அங்கேயே பிறந்த எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. நூல் மில்லின் சங்கு சிணுங்குகிற குழந்தை மாதிரி மெல்லத் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். கப்பல் அடிவயிற்றிலிருந்து ஒரே சீராக ஊதும். எங்கள் தெருவில் பால்குடிப் பிள்ளைக்குக்கூட வித்தியாசம் தெரியும் என்று பீற்றிக்கொள்வோம்.

அப்போது எனக்கு எட்டு வயது. யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். துறைமுகத்தில் நிலக்கரி சுமந்துகொண்டிருந்த அவரைக் காசநோய் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். எழுந்து வர ஒரு வருஷமாவது ஆகும், தினமும் முட்டையும் பாலும் கொடுங்கள் என்றாராம் டாக்டர். டாக்டர்களுக்கு இப்படிச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவது சுலபம். அம்மா நூல் மில்லில் சேர்ந்தாள். நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றி எடுக்கிற பகுதியில் பெண்களுக்கு வேலை இருந்தது. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். சாயங்காலம் தலை, புருவமெல்லாம் பஞ்சு ஒட்டி, காலையில் போனவளைவிட இருபது வயது கூடியவளாகத் திரும்பி வருவாள். இரண்டு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றேன். அதற்காக நான் அழுதேன் என்று அம்மா பிற்காலத்தில் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவாள். எனக்கு நினைவிருப்பதெல்லாம், வாய்ப்பாடு ஒப்பிக்கிற தொல்லை விட்டதே என்ற நிம்மதிதான்.

மில்லில் சட்டம் கறார். முதல் சங்குக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால் இரண்டாம் சங்குக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். இரண்டாம் சங்கு ஊதி ஓய்ந்ததும் கேட்டை மூடிவிடுவார்கள். கேட்டுக்கு உள்ளே ஒரு பலகையில், ஆளுக்கொன்றாக எண் போட்ட பித்தளை வில்லைகள் தொங்கும். அவரவர் வில்லையை எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் பகுதியில் இருக்கிற பெட்டியில் போட வேண்டும். எவளுடைய வில்லை பலகையிலேயே தொங்குகிறதோ அவள் வேலைக்கு வரவில்லை என்று அர்த்தம். ஒரே மாதத்தில் மூன்று நாள் தொங்கிவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள். தம்பிக்கு அடிக்கடி உடம்புக்கு வந்ததில் அம்மாவின் வில்லை அந்த மாதம் ஏற்கனவே இரண்டு நாள் தொங்கியிருந்தது.

எதிர்வீட்டு அத்தைக்கும் அதே மில்லில்தான் வேலை, அதுவும் அம்மாவுக்குப் பக்கத்து மிஷினில். அவள் சொந்த அத்தை இல்லை. எங்கள் தெருவில் அம்மாவின் வயதொத்தவர்கள் எல்லாருமே எனக்கு அத்தைதான். குழாயடியில் யார் குடம் முன்னால் என்று தொடங்கிய சண்டையில், இரண்டு குடும்பத்திலும் செத்துப்போனவர்களையெல்லாம் எழுப்பித் திட்டிவிட்டு, அதிலிருந்து இருவரும் பேச்சை விட்டுவிட்டார்கள். ஒரே நேரத்தில் கிளம்பி, ஒரே வழியில் நடந்து, பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்கள் பேசாமலிருக்க எவ்வளவு பாடுபட வேண்டும்! அத்தை பத்தடி முன்னால் போவாள், அம்மா பத்தடி பின்னால் போவாள். அம்மா நடையை எட்டிப் போட்டால் அவளும் எட்டிப் போடுவாள். ஒரு வருஷமாக அந்தப் பத்தடி குறையவே இல்லை.

அது மார்கழி மாதம். தம்பிக்கு மறுபடியும் காய்ச்சல். மூன்று நாளாக அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டே விடிய வைத்தாள். நான்காம் நாள் காலையில் அவனுக்கு நன்றாக வியர்த்துக் காய்ச்சல் விட்டது. அவன் கண்ணயர்ந்ததும் அம்மா குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தாள், கஞ்சி காய்ச்சினாள், என் தலையை வாரிப் பின்னிவிட்டாள். பிறகு, "செத்த நேரம் சாஞ்சிக்கிறேன். மொத சங்கு ஊதினா எழுப்பு" என்று சொல்லிப் பாயில் சாய்ந்தாள். தலை பாயைத் தொடும் முன்பே தூங்கிவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

சங்கு ஊதியது. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. முந்தின நாள் பஞ்சு காதோரத்தில் இன்னும் ஒட்டியிருந்தது. அம்மா தூங்கி நான் பார்த்ததே இல்லை. நான் தூங்கப் போகும்போதும் விழித்திருப்பாள், நான் எழும்போதும் விழித்திருப்பாள். எனக்கு அவள்மேல் அப்படி ஒரு இரக்கம் சுரந்தது. எழுப்பப் போன கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன். சங்கு தன் பாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தது.

"சங்காடி அது?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள் அம்மா.

"இல்லமா. கப்பலு" என்றேன்.

"கப்பலா" என்று முனகிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். வில்லை தொங்குவதும் பேரை வெட்டுவதும் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆனால், சங்கைக் கப்பல் என்று சொல்லிவிட்டால் அது கப்பலாகவே ஆகிவிடும் என்று நம்புகிற வயது அது.

சற்று நேரத்தில் எதிர்வீட்டு அத்தை எங்கள் வாசலில் வந்து நின்று பலமாகக் கனைத்தாள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. பேச்சு விட்டுப்போனவர்கள் கூப்பிடுகிற முறை அது. நான் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு, கதவிடுக்கில் தலையை நீட்டி நாக்கைத் துருத்திக் காட்டினேன். அத்தை தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டாம் சங்குக்கு அம்மா வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். முகம்கூடக் கழுவவில்லை. கொண்டையை முடிந்துகொண்டே ஓடினாள். தம்பி விழித்து அழுதான். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். காசிமேட்டிலிருந்து மீன் கூடையோடு வந்த பெண்கள் எங்களுக்கு வழி விட்டு ஒதுங்கினார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேட்டு மூடியிருந்தது.

"இன்னாமே, இப்போ வந்துகினு கீறே? மூடி எவ்ளோ நேரமாவுது" என்றான் காவல்காரன்.

"புள்ளைக்கு ஒடம்பு சரியில்லண்ணா. நான்தான் அசந்துட்டேன்" என்றாள் அம்மா.

"அத்த மேஸ்திரிகிட்ட சொல்லிக்க. கேட்ட தொறந்தா என் வேல பூடும்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அம்மா மேற்கொண்டு கெஞ்சவில்லை. எதிர்ப்பக்கத்துப் பூவரச மரத்தடியில் போய் உட்கார்ந்து, தம்பியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். எனக்கு அடி விழப்போகிறது என்று காத்திருந்தேன். விழவில்லை. "அவ்ளோதான்" என்று மட்டும் சொன்னாள். கோபமோ அழுகையோ அதில் இல்லை. அத்தனை களைத்துப்போன குரலை அதற்குப் பிறகு இந்த எழுபது வருஷத்தில் நான் கேட்டதில்லை. நைனாவின் முட்டையும் பாலும் அப்போதுதான் என் புத்தியில் உறைத்தன. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "சும்மா குந்து கண்ணு" என்று சொல்லி என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

வெயில் ஏறிய பிறகு யாரோ கனைக்கும் சத்தம் கேட்டது. மில்லின் பக்கச் சுவரில் கம்பி போட்ட ஜன்னல் ஒன்று உண்டு. அதற்குப் பின்னால் எதிர்வீட்டு அத்தை நின்றுகொண்டிருந்தாள். "ஏ குட்டி, இங்க வா" என்று என்னைக் கூப்பிட்டாள். அம்மாவும் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். அத்தை அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒங்கம்மாகிட்ட சொல்லு. அவ வில்லையையும் நானே எடுத்தாந்து பொட்டில போட்டுட்டேன். அவ மிஷினையும் நான்தான் பாத்துக்கினு கீறேன். மேஸ்திரி வந்து அவ எங்கன்னு கேட்டான். வயித்து வலி, கக்கூஸுக்குப் போயிக்கீறானு சொன்னேன். எத்தினி தபா அதையே சொல்றது?"

அகப்பட்டால் அத்தைக்கும் வேலை போய்விடும். எட்டு வயதில் எனக்கே அது புரிந்தது. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "நான் எப்டி உள்ள வரதுன்னு கேளுடி" என்று என்னிடம் சொன்னாள். ஒரு முழத் தூரத்தில் நிற்கிற அத்தையிடம் நான் கேட்டேன்.

"மத்தியானம் சோத்துக் கூடைக்காரி வருவா இல்ல, அவகூட வரச் சொல்லு. மூஞ்சிய மூடிகினு வரச் சொல்லு. அங்க நின்னு அழுதுகினு இருக்க வேணாம்னு சொல்லு."

அம்மா அழுதுகொண்டுதான் இருந்தாள். "அழலன்னு சொல்லு" என்றாள். அதையும் நான் சொன்னேன்.

வீடு வீடாகப் போய் மில்காரர்களின் மத்தியானச் சோற்றை வாங்கிவந்து கொடுக்கிற கூடைக்காரி, சாப்பாட்டுச் சங்குக்குக் கொஞ்சம் முன்னால் வந்தாள். அம்மா அவள் காதில் ஏதோ சொன்னாள். அவள் எதிர்க் கேள்வி எதுவும் கேட்கவில்லை. இரண்டு பாத்திரங்களைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, கூடையை அம்மாவின் தலையில் ஏற்றினாள். முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டு, "உள்ள கொழம்பு கீது, ஆட்டாத நட" என்றாள்.

கேட்டு திறந்தது. "யாரு இது, புது ஆளு?" என்று கேட்டான் காவல்காரன். "என் தங்கச்சி" என்றாள் கூடைக்காரி. அவன் முந்தானைக்குள் உற்றுப் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பி, மரத்தடியில் தம்பியோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தான். அம்மாவின் தலையில் பாத்திரங்கள் கிணுகிணுவென்று ஆடுவது எனக்குக் கேட்டது. "சோறு ஆறிடப் போவுது, போங்க போங்க" என்று சொல்லிவிட்டு அவன் மூக்குப்பொடி டப்பியைத் தேட ஆரம்பித்தான்.

சாயங்காலம் இருவரும் வீடு திரும்பினார்கள். அத்தை பத்தடி முன்னால், அம்மா பத்தடி பின்னால். வேலை பிழைத்த சந்தோஷத்தைக் கொண்டாடக்கூட அம்மாவுக்குத் தெம்பில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

மறுநாள் விடிகாலையில் குழாயடி வரிசையில் அம்மா தன் குடத்தை நகர்த்திவிட்டு, பின்னாலிருந்த அத்தையின் குடத்தை எடுத்துத் தனக்கு முன்னால் வைத்தாள். அத்தை சும்மா இருப்பாளா? "யாரு ஒன்னிய என் கொடத்த தொடச் சொன்னது?" என்று ஆரம்பித்தாள். "முன்னாடி வெச்சா அதுவும் குத்தமா?" என்று அம்மா எகிறினாள். அத்தை குடத்தைப் பின்னால் வைப்பதும், அம்மா முன்னால் வைப்பதுமாக வரிசையே நின்றுவிட்டது. நேருக்கு நேர் அவர்கள் பேசி ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான் நடுவில் தூது போக வேண்டியிருக்கவில்லை. உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியவளிடம் போய்ச் சண்டை போடுகிறாளே, அம்மாவுக்கு நன்றியே இல்லையே என்று நான் வெட்கப்பட்டேன்.

தண்ணீரோடு வீட்டுக்கு வந்த அம்மா, கஞ்சியை இறக்கி வைத்துவிட்டுத் தம்பி பக்கத்தில் கொஞ்சம் சாய்ந்தாள். முதல் சங்கு ஊதியது. இந்தத் தடவை நான் ஒரு நொடியும் தாமதிக்காமல் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அம்மா, சங்கு."

"நல்லா கேட்டியா? கப்பலா இருக்கப் போவுது" என்றாள், கண்ணை மூடியபடியே.

"இல்லமா. சத்தியமா சங்குதான்."

அம்மா சிரித்தாள். முதலில் உதடு மட்டும் சிரித்தது, பிறகு தோள் குலுங்கியது, கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது. நைனா ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. என்னை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, "நேத்து எனக்குன்னு ஒரு கப்பல் அனுப்பிச்சியே, அது போதும்டி" என்றாள்.

நான் எங்கே கப்பல் அனுப்பினேன்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தம்பியின் காய்ச்சல் அம்மாவுக்கும் தொற்றிவிட்டது, அதனால்தான் பிதற்றுகிறாள் என்று பயந்துபோய் அவள் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது.