முதலில் கூப்பிடு, அப்புறம் ஓடு

ஷீபா அக்கா, ஜெனி, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதீர்கள். உங்கள் அம்மா டெய்சி ஆன்ட்டியிடம்கூட வேண்டாம். ஆன்ட்டி நல்லவர்கள்தான், ஆனால் என் அம்மாவிடம் போனில் பேசும்போது வாய்தவறிச் சொல்லிவிடுவார்கள். படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன், இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. அதனால் தமிழில் எழுதுகிறேன். நம் சாஃப்ட்பால் கோச் வெண்டலையும் தெரிந்து தமிழும் படிக்கத் தெரிந்தவர்கள் நீங்கள் இரண்டு பேர்தான்.

கோச் வெண்டல் இறந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலையில் எனக்குக் கணக்கு டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது. சாஃப்ட்பால் பெண்கள் எல்லாரும் ஆபீசுக்கு வரவேண்டும் என்று ஸ்பீக்கரில் கூப்பிட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் வீட்டு வாசலில் வேனை நிறுத்தியவர் இறங்கவே இல்லையாம். மாரடைப்பு. மற்ற பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் பாதியில் விட்டு வந்த கணக்கை நினைத்துக்கொண்டிருந்தேன். கவுன்சலர் எனக்கும் ஒரு டிஷ்யூ கொடுத்தார். அதை நான்காக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரும்பிப் போய் டெஸ்டை முடித்தேன். எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தும் அழுகை வரவில்லை. வந்தாலும் அழ முடியாது. அழுதால் ஏன் என்று கேட்பார்கள்.

நீங்கள் கிறிஸ்துமசுக்குப் பிறகு பிளானோவுக்குப் போய்விட்டதால் இங்கே நடந்தது உங்களுக்குத் தெரியாது. அப்பாவுக்கு வேலை போய்விட்டது. ஒரே நாளில் அவர் பிரிவில் பாதிப்பேரை அனுப்பிவிட்டார்கள். வேலையோடு மருத்துவ இன்ஷூரன்சும் போய்விட்டது. அன்று இரவே அப்பா என்னைக் கூப்பிட்டு, "ப்ளெஸ்ஸி, இனிமே வெளையாட்டு வேண்டாம்மா. ஒரு கை ஒடஞ்சா நம்மளால ஆஸ்பத்திரி வாசலக்கூட மிதிக்க முடியாது" என்றார். சரிப்பா என்றேன். மறுநாளும் விளையாடப் போனேன். வீட்டில் மேத் க்ளப் என்று சொல்லியிருக்கிறேன். அம்மா ஐந்தரை மணிக்குக் காரில் வந்து, "இன்னைக்கு என்னம்மா சொல்லித் தந்தாங்க?" என்று கேட்கும்போது ஏதாவது சொல்வேன். அதனால் இந்த வீட்டில் கோச் இறந்துபோனதே யாருக்கும் தெரியாது.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பந்துதான். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் அக்கா. நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். நீங்கள் லெஃப்ட் ஃபீல்டில், நான் சென்டரில். நமக்கு நடுவில் உயரமாக ஒரு பந்து வந்தது. இரண்டு பேரும் ஓடினோம். "நீ எடு ப்ளெஸ்ஸி" என்றீர்கள். "நீங்க எடுங்கக்கா" என்றேன் நான். பந்து நம் இருவருக்கும் நடுவில் புல்லில் விழுந்தது. அதற்குப் பிறகும் அதை எடுக்காமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்குள் பந்தை அடித்த பெண் மூன்று பேஸையும் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே ஓடி வந்து ரன் எடுத்துவிட்டாள்.

கோச் கத்தவில்லை. கடலையைக் கொறித்தபடி அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்து வந்து, "ரெண்டு பேரும் என்ன பேசிக்கிட்டீங்க?" என்று கேட்டார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதை நான் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் மொழிபெயர்த்துச் சொன்னதும் அப்படியே புல்லில் உட்கார்ந்து சிரித்தார். "நான் ஆடாத ஊர் இல்ல. விருந்துல கடைசி வடையத் தள்ளிவிடற மாதிரி பந்தைத் தள்ளிவிட்டவங்கள இப்பத்தான் பாக்கறேன்" என்பதுபோல ஏதோ சொன்னார். வடை என்று சொல்லவில்லை, சிக்கன் என்றார்.

"இவங்க என்னைவிடப் பெரியவங்க" என்றேன்.

"சென்டர்ல நிக்கறவ பந்தைக் கூப்பிட்டா, ஜனாதிபதியே ஓடி வந்தாலும் வழி விட்டாகணும். அது சட்டம். பந்து கீழ விழுந்தப்பறம் யாரும் நல்ல பொண்ணு கெடையாது."

பந்தைக் கூப்பிட 'மைன்' என்று கத்த வேண்டும், எனக்கு அது வரவில்லை. "சரி, உங்க வீட்ல இதை எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டார். என்னுது என்று ஜெனி சொன்னாள். அவர் வேலி வரைக்கும் நடந்து போய், "இங்க கேக்கற வரைக்கும் யாருக்கும் வீடு கெடையாது" என்று அங்கிருந்து கூவினார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஒரு பெண் பையை மாட்டிக்கொண்டே, "ப்ளீஸ், எனக்குப் பசிக்குது" என்றாள். நான் கத்தினேன். எங்கோ ஒரு நாய் குரைத்தது. வேலிக்குப் பக்கத்தில் நின்று அவர் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். அதற்குப் பிறகு நம் அணியில் எல்லாப் பெண்களும் 'என்னுது' என்றுதான் பந்தைக் கூப்பிட்டார்கள். எதிரணிக்காரிகள் அது ஏதோ ரகசியத் திட்டம் என்று நினைத்தார்கள்.

அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்பதை அவரே மறைத்ததில்லை. சின்னச் சின்ன ஊர் பேஸ்பால் அணிகளுக்கு ஆடியவர். ஒரு ஊரிலும் நிலைக்கவில்லை. பெரிய லீகில் ஒரே ஒரு கோடைக்காலம் இருந்தார், அதிலும் பெரும்பாலும் பெஞ்சில். "நான் நின்ன பக்கம் பந்து வரவே இல்ல. வந்திருந்தா பிடிச்சிருப்பேன். விட்டும் இருப்பேன்" என்பார். ஒருமுறை மேற்கு டெக்சசில் அணியின் பஸ் பெட்ரோல் போட நின்றபோது, மேனேஜர் வந்து உன்னை வேறு அணிக்கு 'டிரேட்' பண்ணிக் கொடுத்துவிட்டோம் என்றாராம். பையை எடுத்துக்கொண்டு இறங்கி, அந்தப் பெட்ரோல் பங்கிலேயே உட்கார்ந்து, புது அணியின் பஸ் வரும் வரை கடலை தின்றாராம். இந்தக் கதையை அவர் சொல்லும்போது எல்லாரும் சிரிப்போம். அப்பாவுக்கு வேலை போன வாரத்தில் அவர் அதைத் திரும்பச் சொன்னார். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

அப்பாவும் அவரும் ஒரே ஒரு முறை பேசியிருக்கிறார்கள். போன வருடம் ஸ்கூலில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்த அன்று. என்ன வேலை என்று கோச் கேட்டார். முதலில் நியூ ஜெர்சியில் ஒரு ப்ராஜெக்ட், அப்புறம் ஃப்ரீமான்டில் ஒன்று, இப்போது இங்கே என்றார் அப்பா.

"ஓ, உங்களையும் டிரேட் பண்ணிட்டாங்களா?" என்றார் கோச்.

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு பெட்ரோல் பங்க் கதையைக் கேட்டு அப்படிச் சிரித்தார். நான் அப்பாவை வெளியாள் முன்னால் அப்படிச் சிரித்துப் பார்த்ததே இல்லை. கோச் தன் பையை முழுசாகப் பிரித்து அடுக்கியதே இல்லை என்றார். அப்பா, "எங்க வீட்ல டிவி வந்த அட்டப்பெட்டிகூட இன்னும் க்ளாசட்ல இருக்கு. தூக்கிப் போடமாட்டோம்" என்றார். கோச் அப்பாவின் தோளில் தட்டி, "பெட்டியை மட்டும் போட்டுடாதீங்க" என்றார். காரில் வரும்போது அப்பா, "நல்ல மனுசன். ஆனா பாவம், இந்த வயசுல பிள்ளைங்களுக்குப் பந்து பொறுக்கிப் போடறாரு" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "ஆனா சந்தோசமாத்தான் இருக்காரு" என்று சேர்த்துக்கொண்டார்.

இன்று ஸ்கூல் விடும் நேரத்தில் அவருடைய மனைவி மார்த்தா வந்திருந்தார். அவர் முகம் கழுவித் துடைத்ததுபோல இருந்தது. நாளை சனிக்கிழமை, காலையில் மைதானத்தில் கோச்சுக்காகக் கூடுகிறார்கள். எல்லாப் பெண்களும் அவரவர் இடத்தில் நிற்பார்கள். மேலே ஒரு பந்தை அடிப்பார்கள். அதைச் சென்டர் ஃபீல்டில் நிற்பவள் கூப்பிட்டுப் பிடிக்க வேண்டும்.

"'என்னுது'ங்கற வார்த்தைய அவர் உங்ககிட்டதான் கத்துக்கிட்டார்" என்றார் மார்த்தா. "நீ வரமுடியலன்னா அந்த இடத்துல வேற யாரையும் நிறுத்தமாட்டோம். பந்து சும்மா விழட்டும்."

பிறகு ஒரு க்ளவை, பந்து பிடிக்கும் தோல் கையுறையை, என் கையில் கொடுத்தார். பெரிய லீகில் கோச் வைத்திருந்தது. பந்து வராத க்ளவ். என் கை அதற்குள் தொலைந்துபோகிறது. கடலை வாசனை அடிக்கிறது. பையில் அது நுழையவில்லை. அம்மா வந்ததும் டிக்கியில் அரிசி மூட்டைக்குப் பின்னால் போட்டு, மேலே பழைய போர்வையை இழுத்துவிட்டேன்.

நாளை போக வேண்டுமானால் அப்பாவிடம் சொல்ல வேண்டும். விளையாடினேன் என்று, மேத் க்ளப் இல்லை என்று, எல்லாவற்றையும். சாப்பிடும்போது சொல்லலாம் என்று இருந்தேன். அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டமாட்டார் என்று தெரிந்தால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அது எப்படித் தெரியும்? தயிர்சாதம் தீர்ந்துவிட்டது. எழுந்து கை கழுவிவிட்டேன்.

கோச்சிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். க்ளவ் இல்லை, அது எனக்கு ரொம்பப் பெரிது. அவர் ஒருநாள் திட்டியதுதான். பந்து கைக்கு வரும் என்று நிச்சயமான பிறகுதான் நான் கத்துவேன். அதற்குள் பக்கத்தில் இருப்பவள் வந்து மோதிவிடுவாள். அன்று என் தொப்பியின் முன்பக்கத்தைப் பிடித்துக் கீழே இழுத்துச் சொன்னார்: "பிடிப்போம்னு தெரிஞ்சப்பறம் கூப்பிடாத. அப்ப ரொம்ப லேட். முதல்ல கூப்பிடு, அப்புறம் ஓடு. விட்டா விட்டதுதான். உன்னுதுன்னு சொன்னியே, அது போதும்."

இதை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன் அக்கா. இன்னும் ஒரு தடவைகூட அதன்படி செய்ததில்லை.

வேலை போனதிலிருந்து அப்பாவுக்குத் தூக்கம் வருவதில்லை. எழுந்து எதையாவது ஒழுங்குபடுத்திக்கொண்டே இருப்பார். போன வாரம் க்ளாசட்டில் இருந்த அட்டைப்பெட்டிகளை எல்லாம் துடைத்து அடுக்கினார். இப்போது கராஜில் விளக்கு எரிகிறது. டிக்கியைச் சாத்தும் சத்தம் கேட்டது. மாடிப்படியில் ஏறி வருகிறார். என் கதவுக்குக் கீழே வெளிச்சம்

தட்டுகிறார்.

"ப்ளெஸ்ஸி, முழிச்சிருக்கியாம்மா? டிக்கில ஒரு க்ளவ் கெடக்கு. யாருது?"