கடன் முடியட்டும்

வேலை செய்த சலவைக் கடையில் அவளுக்கு ‘மிச்சம்’ என்று பெயர் வைத்தவர் இஸ்திரிக்காரர். வளைந்துபோன கம்பி மாட்டிகளை அவர் குப்பைக் கூடையில் எறிவார். அவள் அவற்றைப் பொறுக்கி வீட்டுக்கு எடுத்துச் சென்று, நிமிர்த்தி, வேறொரு கடைக்கு அரை விலைக்கு விற்றுவிடுவாள். அதையும் முதலாளியிடம் அனுமதி கேட்டுத்தான் செய்தாள். வாடிக்கையாளர்களின் சட்டைப் பையில் கிடைக்கும் சில்லறையை ஒரு காசும் குறையாமல் உறையிலிட்டுத் திருப்பிக் கொடுப்பவள் அவள். கஞ்சத்தனம் உண்டு, கை நீளம் கிடையாது.

“மிச்சம், உன் நிழலுக்குக் கிராக்கி இருந்தா அதையும் வாடகைக்கு விட்டுடுவே போல!”

“கேக்குற ஆளு இருந்தா சொல்லுங்க. ரெண்டு மாச முன்பணம் மட்டும் கறாரா வாங்கிடுவேன்.”

வீட்டுக் கடன் வாங்கிய நாளில் அவள் இப்படி இல்லை. ஒரு கூடம், இரண்டு அறைகள், சமையலறை. கணவன், மகள், அவள் என மூவருக்கு அது தாராளம். மகள் தன் அறைச் சுவரில் ஒட்டுவதற்குப் படங்கள் சேர்த்து வைத்திருந்தாள். முதல் ஆண்டு முடிந்ததும், கட்டியதில் எவ்வளவு கழிந்திருக்கிறது என்று கேட்க அவள் வங்கிக்குப் போனாள். அதிகாரியம்மாள் கணினியைத் திருப்பிக் காட்டினாள். கட்டிய பணத்தில் பெரும்பகுதி வட்டிக்குப் போயிருந்தது. அசலில் ஏதோ கிள்ளி எடுத்ததைப் போல ஒரு சிறு துளி குறைந்திருந்தது.

கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். கடன் இருபது ஆண்டுக்கு, அதில் ஒன்றுதான் கழிந்திருந்தது. அவனுக்கு வேலையோ இன்னும் பதினைந்து ஆண்டுதான். ஓய்வு பெற்ற பிறகும் நான்கு ஆண்டுகள் தவணை ஓடும். அந்த நான்கு ஆண்டுகள் அவள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தன.

“அப்ப யாருங்க கட்டுவா?”

“அப்ப பாத்துக்கலாம் விடு.”

“அப்ப பாக்கிறதுக்கு அப்ப கையில என்ன இருக்கும்? இப்பவே கூடுதலாக் கட்டிக் கட்டி முடிச்சிடணும்.”

கூடுதலாகக் கட்டும் தொகை, குறைந்தது ஒரு மாதத் தவணைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பது அந்த வங்கியின் விதி. ஆகவே ஒரு தவணைக்குரிய பணம் சேரும்வரை வீட்டிலிருந்து காசு எதுவும் வெளியே போகக் கூடாது என்று அவள் தனக்கே ஒரு விதி செய்துகொண்டாள். குளியலறையின் வெந்நீர் இயந்திரத்தைப் பிடுங்கிச் சுவரோடு சாய்த்து வைத்தாள். கரைந்து சிறுத்த சோப்புத் துண்டுகளை ஒன்றோடொன்று அழுத்தி, பல நிறக் கட்டியாக்கினாள். பேருந்தின் கடைசி இரண்டு நிறுத்தங்களை நடந்து கடந்தாள். மாலை நேரத்தில் சன்னலோரம் அமர்ந்து கால்சட்டைகளின் ஓரம் மடித்துத் தைத்தாள். வெளிச்சம் மங்கினால் வேலையும் முடிந்தது. அதற்காக விளக்கைப் போடுவதில்லை. இவையெல்லாம் சில்லறைதான். பெரிய வரவு மகளின் அறையிலிருந்து வந்தது.

மகளுக்கு அப்போது பத்து வயது. அவளுடைய அறையை, மருத்துவமனையின் அறுவைக் கூடத்தில் உதவியாளனாக இருந்த ஓர் இளைஞனுக்கு வாடகைக்கு விட்டார்கள். கூடத்தில் அலமாரியைக் குறுக்கே நிறுத்தி, அதன் பின்னால் மகளுக்கு ஒரு கட்டில் போட்டார்கள்.

“என் ரூம் எப்பம்மா திரும்பக் கிடைக்கும்?”

“கடன் முடியட்டும்.”

அன்று இரவு மகள் கண்களைத் திறந்தபடி அலமாரியின் முதுகைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். தாய் விளக்கை அணைத்தாள். “சும்மா கிடக்கிறவளுக்கு வெளிச்சம் எதுக்கு?” என்றாள். கோபத்தில் சொன்னதன்று, கணக்காகச் சொன்னதுதான்.

அதன் பிறகு அந்த வீட்டில் எதைக் கேட்டாலும் அந்த ஒரே விடைதான் வந்தது. நீச்சல் வகுப்பா, கடன் முடியட்டும். ஆடும் மின்விசிறியைச் சரிசெய்வதா, கடன் முடியட்டும். அவளே தன் அக்காளின் வீட்டுக்கு ஒரு முறை போய் வருவதா, அதுவும் முடியட்டும். கணவன் முதலில் இதைக் கேட்டுச் சிரித்தான். பிறகு அவனும் அதையே சொல்லத் தொடங்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில், வீடு மாற்றிக் கொடுக்கும் வண்டியோடு சுமை தூக்கப் போனான். மாடிப்படிகளில் குளிர்சாதனப் பெட்டியை முதுகில் கட்டித் தூக்கும்போது கூட்டாளிகள் கிண்டலடிக்காமல் விட மாட்டார்கள்.

“லிஃப்ட்டுக்கே வைத்தியம் பாக்குற ஆளு, இப்பிடிப் படியில மூச்சு வாங்குறாரே!”

“இந்தக் கட்டடத்துல லிஃப்ட் கெட்டுக் கிடக்குடா. வைத்தியருக்குச் சொல்லி அனுப்பியிருக்காங்களாம். அவரு ஞாயித்துக்கிழமை வர மாட்டாராம்!” என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

சில மாதங்களுக்கு ஒரு முறை அவள் வங்கிக்குப் போவாள். அதிகாரியம்மாள் ஒவ்வொரு முறையும் அதே கேள்வியைக் கேட்பாள்: “மாசத் தவணையைக் குறைக்கணுமாம்மா, காலத்தைக் குறைக்கணுமா?”

“காலத்தை.”

தவணையைக் குறைத்தால் மூச்சு விடலாம். ஆனால் அவளுக்கு மூச்சைவிடக் காலம் பெரிது. வீட்டு வாசலில் கால் வைக்கும்போதே கணவன் கேட்பான்: “எத்தனை மாசம்?” அவள் விரல்களை விரித்துக் காட்டுவாள். சில நாள் இரண்டு விரல், சில நாள் மூன்று. அந்த வீட்டில் பண்டிகையென்று ஒன்று இருந்ததென்றால், அது அந்த விரல்கள்தாம். எட்டு ஆண்டு முடிந்தபோது, பாக்கியிருக்க வேண்டிய பன்னிரண்டு ஆண்டில் மூன்றே மீதி.

அந்த ஆண்டில்தான் கணவனின் அடிவயிற்றின் ஓரம் ஒரு புடைப்பு தோன்றியது. நின்றால் வெளியே வரும். படுத்து, கையால் அழுத்தினால் உள்ளே போகும். ஒரு பழைய துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். துணி உலர்த்தும் இடத்தில் அவன் குனிந்து வயிற்றைப் பிடித்ததை வாடகைக்கு இருந்த இளைஞன் பார்த்துவிட்டான்.

“அண்ணே, இது குடலிறக்கம். இப்பவே ஆபரேஷன் பண்ணிட்டா ரெண்டே நாள்ல வீட்டுக்கு வந்துடலாம். நானே டாக்டர்கிட்டச் சொல்றேன்.”

“எவ்வளவு ஆகும்?” என்று அவள்தான் கேட்டாள்.

அவன் சொன்னான். இரண்டு தவணைக்குக் கொஞ்சம் கூட. அதற்கு மேல் ஆறு வாரம் சுமை தூக்கக் கூடாது.

“மூணு வருஷம் தாங்குமா தம்பி?”

இளைஞன் அவளை ஒரு கணம் விழித்துப் பார்த்தான். “குடலுக்குக் காலண்டர் பாக்கத் தெரியாதுக்கா” என்றான்.

அப்போது அவள் கையில் இரண்டு தவணைப் பணம் சேர்ந்திருந்தது. அன்று இரவு அதை மெத்தைமேல் வைத்துக்கொண்டு இருவரும் எதிரெதிரே அமர்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது வேறு.

“உங்களுக்கு ரொம்ப வலிக்குதாங்க?”

அவளுக்கு எந்த விடை வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். “வலியெல்லாம் இல்ல. கட்டிட்டு வா. முடிச்சிட்டு நிம்மதியாப் போய்ப் படுத்துக்கிறேன்.”

மறுநாள் கட்டினாள். திரும்பி வந்து ஐந்து விரல்களையும் விரித்தாள். அதுவரை அவ்வளவு விரித்ததில்லை.

மூன்றாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை, ஓர் இரும்பு அலமாரியோடு நான்காம் மாடியிலிருந்து இறங்கும்போது அவனுக்குள் ஏதோ சுருக்கென்று பிடித்தது. வீட்டுக்கு வந்து படுத்தான். புடைப்பு இந்த முறை உள்ளே போகவில்லை. கல்லாக இறுகிக் கிடந்தது. மாலையில் வாந்தியெடுத்தான்.

“கெளம்புங்க, போகலாம்.”

“இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. அவசரப் பிரிவுல ஒன்றரை மடங்கு வாங்குவான். காலையில ஓ.பி.யில காட்டிக்கலாம்.”

அவள் தயங்கினாள். அவன் சொன்னது கணக்குப்படி சரிதான். அவளே கற்றுக்கொடுத்த கணக்கு. சுடுநீர் ஒற்றடம் கொடுத்தாள். அலமாரியின் பின்னாலிருந்து மகள் எழுந்து வந்தாள்.

“அம்மா, ஆட்டோ கூப்பிடட்டுமா?”

“காலையில போறோம். நீ படு.”

விடியற்காலை இரவுப் பணி முடித்து வந்த இளைஞன், வாசலிலேயே முனகலைக் கேட்டுச் செருப்போடு உள்ளே ஓடினான். தொட்டுப் பார்த்தவுடன் கத்தினான்: “எப்ப இருந்து இப்பிடி இருக்கு? எப்ப இருந்துக்கா?” அவள் சொன்னதைக் கேட்டு அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

குடலில் ஒரு முழ நீளம் கறுத்துப் போயிருந்தது, வெட்டி எடுத்தார்கள். நான்காம் நாள் உள்ளே சீழ் கட்டி, மீண்டும் வயிற்றைத் திறந்தார்கள். வாரங்கள் ஓடின. இரண்டு நாளில் வீடு திரும்பியிருக்க வேண்டியவன், வயிற்றின் பக்கவாட்டில் துளையிட்டு மலப்பை ஒட்டப்பட்டு, பாதி எடையோடு கிடந்தான். மருத்துவமனை பில் நாளுக்கு நாள் நீண்டது.

மருத்துவமனை நடைபாதையில் மகள் அவளுக்கு எதிரே நின்றாள். பதினெட்டு வயது, எக்ஸ்ரே எடுக்கும் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது, சேரும் தேதி முந்தின வாரம் கடந்துவிட்டது.

“அந்த வீட்ல எனக்கு ஒரு சுவர்கூட இல்லம்மா. அலமாரியோட முதுகுதான் இருந்துச்சு. அதை நான் கேக்கல. அப்பாவை எந்தக் கணக்குல மிச்சம் பிடிச்சே? அதை மட்டும் சொல்லு.”

மகள் விடையை எதிர்பார்த்து நிற்கவில்லை.

வங்கியில் அதே நாற்காலி, அதே அதிகாரியம்மாள். “வாங்கம்மா! உங்களைக் காட்டித்தான் மத்தவங்களுக்குச் சொல்வேன், இப்படிக் கட்டணும்னு” என்று சிரித்தவள், எதிரே இருந்த முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“மேடம், கூடுதலாக் கட்டினேனில்ல, அதுல பாதி, இல்ல கால்வாசி... அவசரத்துக்குத் திருப்பி எடுக்கலாமாங்க?”

“அதெல்லாம் அசல்ல கழிஞ்சிடுச்சும்மா. அது இப்ப பணமா இல்ல.”

“பின்ன என்னவா இருக்கு?”

“வீடா இருக்கு.”

அவள் தன் கைகளைப் பார்த்தாள். எட்டு ஆண்டாக ஊசி குத்திக் குத்தி விரல் நுனிகள் தடித்திருந்தன. கூடத்துச் சுவரில் ஒரு செங்கல்லைப் பெயர்த்து மருத்துவமனையில் கட்ட முடியுமா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

வழி ஒன்று இருந்தது. அதிகாரியம்மாள் அதைப் பரிவோடுதான் சொன்னாள். வீட்டின் மேலேயே மேற்கடன் தரலாம். ஆனால் கணவனுக்கு இனி லிஃப்ட் கூண்டில் ஏறி இறங்கும் வேலை இல்லை. நிறுவனம் ஒரு சிறு தொகையைக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிட்டது. அவள் சம்பளம் ஒன்றைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியும். அந்தச் சம்பளத்துக்குச் சிறிய தவணைதான் தாங்கும். சிறிய தவணையென்றால், காலம் நீளும்.

“எவ்வளவு நீளும்?”

அதிகாரியம்மாள் விசைகளைத் தட்டினாள். “பன்னிரண்டு வருஷம்மா.”

ஒரு காசுகூடக் கூடுதலாகக் கட்டாதிருந்தால் கடன் எந்த ஆண்டில் முடிந்திருக்குமோ, அதே ஆண்டு. வெந்நீர் இல்லாத குளியல்கள், நடந்த நிறுத்தங்கள், மகளின் அறை, கணவனின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாவற்றையும் கொடுத்து வாங்கிய ஆண்டுகளை, அவள் அந்த நாற்காலியில் அமர்ந்தபடியே கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கணவன் ஓய்வு பெற்றிருக்க வேண்டிய வயதைத் தாண்டி நான்கு ஆண்டுகள் தவணை ஓடும். எதற்குப் பயந்தாளோ, அது ஒரு நாள்கூட முன்பின் ஆகாமல் வந்து நின்றது.

கணவன் வீடு திரும்பிய பின் அவள் கடைசிக் கையெழுத்துக்காக வங்கிக்குப் போய் வந்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் உள்ளறையிலிருந்து அவன் குரல் வந்தது. பழக்கம் அது, அதற்கு நோய் தெரியாது.

“எத்தனை மாசம்?”

அவள் கட்டிலருகே போய் நின்றாள். விரல்கள் மடங்கியே இருந்தன. “ஒம்பது வருஷம் கூடிப்போச்சுங்க.”

அவன் கூரையைப் பார்த்தான். “நம்ம கை விரல் பத்தாது போலிருக்கே” என்று சிரிக்க முயன்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டான். “சிரிக்க வைக்காதே. தையல் இழுக்குது.”

அவள் சிரிக்க வைக்கவில்லை. மலப்பையைக் கழற்றிக் கழுவி மாற்றினாள். அதை வெந்நீரில்தான் கழுவ வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்; இயந்திரத்தை மீண்டும் சுவரில் மாட்டியாகிவிட்டது.

மாலையில் கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். தைப்பதற்குத் துணி இருந்தது, தைக்கவில்லை. இருட்டியதும் விளக்கைப் போட்டுக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள். செருப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்த மகள் வந்தாள். முதல் சம்பளத்தை உறையோடு தாயின் மடியில் வைத்தாள்.

“இதுல என் பஸ்ஸுக்கு மட்டும் எடுத்துக்கிட்டேன். மீதியைச் சேத்து வை. ஒரு தவணைக்கு ஆனதும் கூடுதலாக் கட்டிடலாம்.”

“வேணாம். நீ படிக்கப் போ. அடுத்த வருஷம் எடம் கேளு.”

“கடன் முடியட்டும்” என்றாள் மகள். குரலில் கோபம் இல்லை.

அலமாரிப் பக்கம் போகும் வழியில், அவள் நடையை நிறுத்தாமலே சுவரில் கை வைத்து விளக்கை அணைத்தாள்.

“ஏய், நான் இங்க உக்காந்திருக்கேன்டி.”

“சும்மாத்தானே உக்காந்திருக்கே. வெளிச்சம் எதுக்கு?”

கட்டில் கிறீச்சிடும் ஒலி கேட்டது. தாய், மடியில் உறையோடு இருட்டில் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எழுந்து, தடவிப் போய், விளக்கைப் போட்டாள்.

அலமாரியின் பின்னாலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது. “அம்மா.”

அவள் அணைத்தாள்.