ஒன்பது மைலுக்கு ஒரு கம்பி

சென்னப்பனுக்கு முதலில் எட்டியது வாடைதான். துணியும் ரப்பரும் சேர்ந்து கருகுகிற வாடை. குனிந்து பார்ப்பதற்குள் ஸ்டியரிங்குக்குக் கீழிருந்து புகை பொங்கியது. என்ஜின் இரண்டு முறை திக்கி, அடங்கிவிட்டது.

பின்சீட்டில் பொன்னன் முனகினான். சித்தேரி மலையில் தேன் எடுக்கப் போனவனைக் கரடி தோளில் பிய்த்திருந்தது. உறவுக்காரர்கள் தூளி கட்டி அடிவாரத்துக்கு இறக்கி, மாட்டு வண்டியில் அரூருக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே கட்டுப் போட்டவர், ரத்தம் நிற்கவில்லை, தருமபுரி ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த 1938-இல் அரூரில் வாடகைக்கு ஓடிய கார்கள் இரண்டு. ஒன்று கல்யாணத்துக்குப் போயிருந்தது. மற்றது சென்னப்பன் ஓட்டியது.

இண்டூரில் ஏர் பிடித்த குடும்பத்துப் பிள்ளை அவன். சேலத்துப் பட்டறை ஒன்றில் ஆறு வருஷம் கிரீஸில் ஊறிவிட்டு டிரைவரானவன். ஓட்டவும் தெரியும், பிரித்துப் பூட்டவும் தெரியும் என்பதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

அந்தக் கர்வமெல்லாம் இப்போது எங்கே போனதோ. காலடிப் பலகையைப் பெயர்த்தெடுத்து, சூடேறிய பாட்டரிக் கம்பியை வெறுங்கையால் பிடுங்கினான். விரல் நுனி பொரிந்தது. புகை மெல்ல நின்றது.

"என்னாச்சுங்கண்ணா?" புருஷனின் தோளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்த சின்னபொண்ணு கேட்டாள்.

"பழைய வண்டிம்மா. கம்பி எரிஞ்சு போச்சு."

அது பாதி உண்மை. போன வாரம் விளக்கின் பியூஸ் அடிக்கடி போயிற்று. எங்கேயோ கம்பி தகரத்தில் உரசுகிறது என்று அவனுக்குத் தெரியும். தேடச் சோம்பல்பட்டு, பியூஸ் இருந்த இடத்தில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்தான். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். மெல்லிய பியூஸ் இருந்திருந்தால் அது மட்டும் அறுந்து, மற்றதெல்லாம் பிழைத்திருக்கும். இப்போது விளக்குக் கம்பி பழுக்கக் காய்ந்து, அதோடு ஒரே கட்டாகப் போன என்ஜின் கம்பியையும் சேர்த்துப் பொசுக்கிவிட்டது.

முன்னும் பின்னும் பார்த்தான். தருமபுரிக்கு இன்னும் ஒன்பது மைல். கொதிக்கும் சித்திரை மத்தியானம். சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. சீட்டின் ஓரத்திலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

கருகியதைத் தொட்டுச் சரிசெய்ய நேரமில்லை. பாட்டரியிலிருந்து கதவு வழியாக வெளியே எடுத்து, என்ஜினுக்கு நேராக ஒரு கம்பி இழுத்தால் போதும். ஹாரன் கம்பி தனியாகப் போவதால் தப்பியிருந்தது. அதை அறுத்தெடுத்தான். ஒரு முழம் போதவில்லை. எரிந்த கம்பியில் நல்லதாக ஒரு துண்டு தேடி முறுக்கிச் சேர்த்தான். சேர்த்த இடம் அம்மணமாகக் கிடந்தது. அது தகரத்தில் பட்டால் மறுபடியும் நெருப்புதான்.

தன் தலைத்துண்டைக் கிழித்துச் சுற்றினான். ஓடும்போது உரசினால் துணி எத்தனை நேரம் தாங்கும்?

"ஏம்மா, நீ முன்னாடி வந்து ஒக்காரணும். இந்தக் கம்பிய வண்டியில படாம தூக்கிப் புடிச்சுக்கணும்."

அவள் கம்பியைப் பார்த்தாள். "இது அடிக்காதுங்களா?"

"அடிக்காது."

"நீங்க தொட்டுக் காட்டுங்க."

பாட்டரியில் கம்பியை மாட்டி, துணியை விலக்கி, பொரிந்த விரலாலேயே தொட்டுக் காட்டினான். அவள் இறங்கி வந்தாள். பொன்னனின் தோளோடு மீதித் துண்டை இறுக்கி, அவனைச் சீட்டோடு சேர்த்துக் கட்டினார்கள். சென்னப்பன் முன்னால் போய், என்ஜினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுழற்றினான். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் என்ஜின் உறுமியது.

சின்னபொண்ணு கதவுக்கு வெளியே இடக்கையை நீட்டிக் கம்பியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். வலக்கை பின்னால் நீண்டு புருஷனின் நெஞ்சில் கிடந்தது. ஒவ்வொரு குழியிலும் சென்னப்பன் திரும்பிக் கம்பியைப் பார்த்தான்.

"மூச்சு இருக்குதாம்மா?"

"இருக்குதுங்க. ரோட்டப் பாருங்க."

ஒரு குறுகிய பாலத்தில் கல் ஏற்றிய மூன்று மாட்டு வண்டிகள் அடைத்துக்கொண்டு ஊர்ந்தன. வண்டிக்காரர்கள் தூக்கத்தில் இருந்தார்கள். சென்னப்பன் கை தன்னையறியாமல் ஹாரனை அழுத்தியது. சத்தம் வரவில்லை. நின்றால் என்ஜின் மறுபடி எழும்புமோ என்னவோ.

அப்போது சின்னபொண்ணு குரல் கொடுத்தாள். சாமைக் காட்டில் பன்றி விரட்டும் கூவல் அது. மாடுகள் காதை விடைத்து ஒதுங்கின. வண்டிக்காரர்கள் திடுக்கிட்டுக் கயிற்றை இழுத்தார்கள். கார் கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டு போயிற்று.

ஆஸ்பத்திரி வாசலில் பொன்னனைத் தூக்கிப் போன பிறகும் அவள் கம்பியை விடவில்லை. சென்னப்பன்தான் விரல்களைப் பிரித்தெடுத்தான்.

பொன்னன் பிழைத்தான். இடக்கை மட்டும் நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. ஒரு மாதம் கழித்து அவர்களைத் திரும்ப ஏற்றிப்போக சென்னப்பனே வந்தான். ஏறப் போனவர்களை நிறுத்தி, தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்:

"அன்னிக்கு எரிஞ்சது வண்டி பழசுங்கிறதால இல்லீங்க. பியூஸுக்குப் பதிலா கனமான கம்பிய வெச்சது நான்தான். என் சோம்பேறித்தனம்."

பொன்னன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் வண்டியின் முன்பக்கம் போய் நின்றாள்.

"இப்ப ஒழுங்கா வெச்சிருக்கீங்களா?"

"வெச்சிருக்கேன்."

"தொறந்து காட்டுங்க."

சென்னப்பன் மூடியைத் தூக்கினான். ஒவ்வொரு கம்பியாகத் தொட்டு, எது எங்கே போகிறது என்று சொன்னான். அவள் குனிந்து கடைசிவரை பார்த்தாள். பிறகு புருஷனின் நல்ல கையைப் பிடித்துப் பின்சீட்டில் உட்காரவைத்தாள்.