எல்லைக்கல்லுக்கு அப்பால் ஒரு கோழிக்கூடு

ஓய்வு பெறும் கிளாக்கர்மாருக்கு வழக்கமாக ஒரு பூமாலையும், எவரும் கேட்காத ஒரு பிரசங்கமும் கிடைக்கும். எனக்கு அவற்றோடு இரண்டு கோழிகளும் கிடைத்தன. கண்டிக் கச்சேரி என்னும் அரசாங்க அலுவலகத்தில் எனக்கு மேலதிகாரியாக இருந்த வெள்ளைக்காரத் துரை அதே வாரம் சீமைக்குக் கப்பலேறினார். தம் பங்களாவில் மிஞ்சியிருந்த வெள்ளைச் சேவலையும் பேட்டுக் கோழியையும் ஒரு கூடையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு நன்றாக இருக்கும் என்று சொல்லி என் கையில் தந்தார். நாங்கள் சைவம் என்பது இத்தனை வருடம் பக்கத்து அறையில் இருந்த அவருக்குத் தெரியாது. நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். மேலதிகாரி தருவதை வேண்டாம் என்பதற்கு எந்தச் சுற்றறிக்கையிலும் நடைமுறை சொல்லப்படவில்லை.

கூடையைக் கண்ட என் மனைவி முதலில் வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, இதை என்னெண்டு வீட்டுக்குள்ளை கொண்டு வாறியள்?"

"ஆருக்கேன் குடுத்துவிடுவம்."

"குடுத்தா?"

"குடுத்தா, அவை சமைப்பினம்."

அவள் கூடையை வாங்கிப் பின்புறம் கொண்டுபோனாள். அந்த விடயம் அன்றே தீர்ந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவள் குரலுக்கு ஓடி வரக் கூடியதாக நான் மட்டும்தான் இருந்தேன். நானும் அவ்வளவு வேகமாக வருவதில்லை.

கோழி வளர்க்கும் சைவக் குடும்பம் எந்த விதமான சிக்கலில் மாட்டும் என்பதை மற்றவர்கள் எளிதில் ஊகிக்க மாட்டார்கள். மற்ற வீடுகளில் சேவல்கள் ஒரு வயதுக்கு மேல் தங்குவதில்லை. எங்கள் வீட்டில் எல்லாச் சேவல்களும் கிழமாகும் வரை இருந்தன. பொரித்த குஞ்சுகளில் பாதி சேவல். அத்தனையும் வளர்ந்து, அத்தனையும் கூவின. முட்டைகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம். அவற்றை என்ன செய்தார்கள் என்று எங்களிடம் சொல்லக் கூடாது என்பது மட்டும் என் மனைவியின் நிபந்தனை.

பக்கத்து வீட்டுக்காரர் அக்குறணையைச் சேர்ந்த முஸ்லிம் வியாபாரி. கண்டி நகரில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்பவர். எங்கள் கோழிகள் வேலிக்குள்ளால் புகுந்து அவர் வீட்டு முற்றத்தில் பாயில் காயும் மிளகைக் கிளறிவிடும். அதற்கு அவர் கோபிக்க மாட்டார், கேலி செய்வார்.

"கிளாக்கர் ஐயா, ஒங்கட வீடு கோழிகளுக்கு மடம் மாதிரி ஈக்கிதே. எங்கட வீட்டுச் சேவலுக்கும் விசயம் தெரிஞ்சி போச்சி. காலத்தால எழும்பி ஒங்கட பக்கந்தான் பாக்குது."

அந்தப் பேச்சு எப்படியோ ஊரில் பரவிவிட்டது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கீரை கொண்டுவந்து விற்கும் ஒரு பெண் ஒருநாள் கீரைக்கட்டுக்கு அடியிலிருந்து ஒரு சிவப்புச் சேவலை எடுத்தாள்.

"அம்மா, இது சாமிக்கு நேந்துவிட்டது. லயத்துல வச்சா எவனாச்சும் அடிச்சுத் தின்னுருவான். நீங்க வச்சுக்கங்கம்மா. புண்ணியமாப் போகும்."

அதன் பிறகு நேர்த்திச் சேவல்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. சீமைக் கோழி, நாட்டுக் கோழி, மொட்டைக் கழுத்துக் கோழி, யாரோ ஊர் மாறிப் போகும்போது விட்டுச் சென்ற கினிக்கோழி இரண்டு, தான் வாத்தென்பதை மறந்துவிட்ட ஒரு வாத்து. என் மனைவி அவற்றை நிறத்தாலும் குணத்தாலும் பிரித்து அறிவாள். நான் சத்தத்தால் மட்டும் அறிவேன்.

தெருவின் மேல் வளைவில் புதிதாக வீடு வாங்கிய, வழக்காடும் புறக்டர் ஒருவரும் சத்தத்தால் அறிந்தார். அவர் என்னிடம் நேரில் ஒரு வார்த்தை பேசவில்லை. முனிசிப்பலுக்கு ஒரு முறைப்பாட்டுப் பெட்டிசம் போட்டார். அதில் கையெழுத்தும் இல்லை; வசனநடைதான் அவரைக் காட்டிக்கொடுத்தது. கையெழுத்து இல்லாத பெட்டிசத்தை விசாரிக்கத் தேவையில்லை என்பது விதி. ஆனால் இலங்கையில் கையெழுத்து இல்லாத பெட்டிசத்தைத்தான் முதலில் விசாரிப்பார்கள். இது விதியில் இல்லை. நான் அனுபவத்தில் கண்டது.

சனிற்றரி இன்ஸ்பெக்டர் வந்தார். தொப்பியைக் கழற்றிப் பேசும் மரியாதையான பறங்கியர். நகர எல்லைக்குள் வளர்க்கும் கோழிகளை அடைத்து வைக்க வேண்டும், கூடு வீட்டிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும், அயலவரின் நித்திரைக்குத் தொல்லையான சேவல்களை அகற்ற வேண்டும் என்று வாசித்தார். நான் அவரைக் கதிரையில் இருத்தித் தேநீர் கொடுத்து, அவர் வாசித்த விதியில் அவர் கவனியாமல் கடந்துபோன ஒரு சொல்லை எடுத்துக் காட்டினேன்: 'நகர எல்லைக்குள்'.

எங்கள் காணியின் கீழ்ப் பாதியில், பலாமரத்தடியில், பாசி பிடித்த ஒரு எல்லைக்கல் இருந்தது. கல்லுக்கு மேலே முனிசிப்பல். கீழே ஊர்த் தலைவரான ஆராச்சியின் கிராமப் பிரிவு. வீடு நகரத்தில், வாழைத்தோட்டம் கிராமத்தில். இன்ஸ்பெக்டர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு கிழமைக்குள் நான் கூட்டைப் பிரித்துக் கல்லுக்கு அப்பால் கட்டினேன். நில அளவைப் படத்தின் பிரதியை இணைத்து, கோழிகள் தங்கியிருப்பது நகர எல்லைக்கு வெளியே என்றும், ஆகவே முனிசிப்பல் துணைவிதிகள் அவற்றுக்குச் செல்லாது என்றும் பந்தி பந்தியாக எழுதி அனுப்பினேன். பதில் ஒரே வரியில் வந்தது: ஏற்றுக்கொள்ளப்பட்டது. உத்தியோகத்தில் இருந்தபோதுகூட எனக்கு அப்படி ஒரு பதில் வந்ததில்லை. அதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

என் மனைவிக்கு அதில் மகிழ்ச்சி இல்லை; முன்பு அடுப்படியிலிருந்தே அவற்றைப் பார்த்துக்கொள்வாள். "குசினிக்குப் பக்கத்திலை இருந்ததுகள். இப்ப கீரி வந்தாலும் எனக்குக் கேளாது" என்றாள். சரிவில் இறங்கி ஏறுவதும் அவள் முழங்காலுக்குக் கஷ்டமாக இருந்தது. என்றாலும் காலையும் மாலையும் குறுணல் அரிசியோடு இறங்கிப் போய்க் கூப்பிடுவாள். அவள் 'பா, பா, பா' என்று கூப்பிட்டால் அவை சரிவெங்கும் இருந்து விழுந்தடித்து வரும். வேறு எவர் கூப்பிட்டாலும் வராது. நான் முயன்று பார்த்தேன்; வாத்து மட்டும் திரும்பிப் பார்த்தது.

அடுத்த மழைக்காலத்தில் கோழிச் சீக்கு வந்தது. முதலில் ஆற்றுக்கு அப்பால் பல்லேகல பக்கம், பிறகு ஆற்றுக்கு இந்தப் பக்கம். காலையில் தூங்கி விழும் கோழி கழுத்தை முறுக்கிக்கொண்டு மாலையில் செத்துவிடும் என்றார்கள். முனிசிப்பல், நகரக் கோழிகளை வெளியே விட வேண்டாம் என்று மட்டும் அறிவித்தது. கிராமப் பிரிவுகளுக்கு வந்த உத்தரவு வேறு: சீக்குக் கண்ட பிரிவில் உள்ள கோழிகள் அனைத்தையும் கொன்று எரிக்க வேண்டும், ஒன்றைக்கூடப் பிரிவை விட்டு நகர்த்தக் கூடாது. எங்கள் கீழ்ப்பக்கப் பிரிவிலும் சீக்கு வந்துவிட்டது. என் கோழிகள் எந்தப் பிரிவைச் சேர்ந்தவை என்பதில் எவருக்கும் ஐயம் இருக்க முடியாது. அதை நானே பந்தி பந்தியாக நிரூபித்திருந்தேன்.

அறிவிப்புக்கு முந்தின நாளே ஆராச்சி வந்து சொன்னார். கச்சேரிக் காலத்தில் என் மேசைக்கு முன்னால் பல தரம் நின்றவர். இப்போதும் நின்றுகொண்டே சிங்களத்தில் பேசினார்.

"மாத்தயா, நாளைக்குக் காலையில் பறை அடிப்பார்கள். அதற்குப் பிறகு நான் ஆட்களோடு வர வேண்டும். இன்றைக்குச் சும்மா வந்தேன்."

'சும்மா வந்தேன்' என்பதை விளங்கிக்கொள்ள ஓய்வுபெற்ற கிளாக்கராக இருக்க வேண்டியதில்லை. பறை அடித்து அறிவிக்கும் வரை உத்தரவு நடைமுறைக்கு வராது. அது வரை கோழிகளை எங்கே கொண்டுபோனாலும் குற்றமில்லை. வேலிக்கு அப்பால் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் ஆராச்சி போன உடனேயே வந்துவிட்டார்.

"ஐயா, என்னத்துக்கு யோசிக்கிறீங்க? கூட்டோட தூக்கிக் கல்லுக்கு இந்தப் பக்கம் வெச்சா முடிஞ்சிச்சி. ஒங்கட பக்கம் எடம் போதாட்டி எங்கட மிளகுக் கொட்டில் சும்மா ஈக்கிது. அடைச்சி வெப்போம். எங்கட கோழிகளோட கோழியா ஈக்கட்டும்."

"உங்கடை மிளகைக் கிளறுமே" என்றேன்.

"இவ்வளவு காலம் கிளறாததா?"

என் மனைவி ஏற்கெனவே சாக்குகளை எடுத்து வைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள். அவள் எதையும் என்னிடம் கேட்கும் பழக்கம் இல்லாதவள், அன்று கேட்டாள்.

"உங்களுக்குச் சட்டம் தெரியுந்தானே. ஒரு வழி பாருங்கோ."

வழி இருந்தது. இடுக்கு வழியும் அல்ல, நேர் வழி. நான் சாக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கூட்டுக்குப் பின்னால், ஒரு வாழைமரத்துக்கு அருகில், மண் புதிதாகக் கிளறியிருந்தது. கோழி கிளறிய மண் அப்படி இருக்காது. மண்வெட்டியால் தட்டிச் சமப்படுத்தியிருந்தது. சிவப்பு நேர்த்திச் சேவலைத் தேடினேன். காணவில்லை. கினிக்கோழிகளில் ஒன்று கூட்டு மூலையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடித் திறந்தபடி நின்றது.

மேலே வந்தேன். அவள் குசினி வாசலில் நின்றாள்.

"சேவல் எங்கை?"

"எந்தச் சேவல்?"

"சிவப்பன்."

அவள் சாக்குகளை மடிக்கத் தொடங்கினாள். ஏற்கெனவே மடித்திருந்தவற்றையே மறுபடி மடித்தாள்.

"அது கிழடு" என்றாள். "கிழடு செத்தால் சீக்கே? மற்றதுகள் நல்லாத்தான் இருக்குதுகள். நீங்கள் போய்ப் பாருங்கோவன்."

"பாத்தனான்."



கணக்குப் பார்ப்பது எளிதாக இருந்தது. கோழிகளைக் கல்லுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தால் சட்டப்படி அவை தப்பும்; சீக்கும் அவற்றோடு வரும். மிளகுக் கொட்டிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரரின் கோழிகள். அவருக்கு அப்பால் கீழ்த்தெருவில் முட்டை விற்றுச் சீவிக்கும் வீடுகள். எவரும் என்மீது வழக்குப் போட முடியாது. அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அன்று மட்டும் அந்த நிச்சயம் எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் கொட்டிலைக் கூட்டித் துப்புரவாக்கிவிட்டு வேலியடியில் வந்து நின்றார். கையில் விளக்குமாறு.

"ஆயத்தம் ஐயா. எப்ப தூக்குவோம்?"

செத்த சேவலைப் பற்றிச் சொன்னால், என் மனைவி அதை மறைத்து, அவர் வீட்டுக்குச் சீக்கை அனுப்பப் பார்த்தாள் என்றாகிவிடும். அவள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சட்டம் இடம் தராது" என்றேன்.

"பறை நாளைக்குத்தானே?"

"கடிதம் நான் எழுதினது. கோழிகள் அந்தப் பக்கத்துக்குரியவை எண்டு. இனி மாத்தேலாது."

அப்படி ஒரு விதி இல்லை. என் சீவியத்தில் நானாக உண்டாக்கிய ஒரே விதி அதுதான்.

"நல்லாப் படிச்ச மனுசன் நீங்க" என்றார். "ஒங்களுக்கு மனசுக்குப் பதிலாக் கச்சேரிதான் ஈக்கிது போல." விளக்குமாற்றை வேலியோரம் போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வெகுகாலம் என்னோடு பேசவில்லை. அவர் கோழிகள் அந்த மழைக்காலம் முழுவதும் நன்றாக இருந்தன.

காலையில் பறைச் சத்தம் கேட்டது. ஆராச்சி இரண்டு ஆட்களோடு வந்தார். வாழைத்தோட்டத்தில் குழி வெட்டினார்கள். தேங்காய் மட்டையும் மண்ணெண்ணெயும் கொண்டுவந்திருந்தார்கள். கூட்டைத் திறந்து பிடிக்கப் போனபோது கோழிகள் கலைந்து சரிவெங்கும் ஓடிவிட்டன. வெள்ளைச் சேவல் பலாமரத்தில் ஏறிக்கொண்டது. ஆட்கள் துரத்தினார்கள், வழுக்கி விழுந்தார்கள், சிரித்தார்கள். ஆராச்சி அதட்டியதும் சிரிப்பை நிறுத்தினார்கள். எல்லைக்கல்லைத் தாண்டி எதையும் விடக் கூடாது என்று அவர் கைகளை விரித்துக்கொண்டு மேலும் கீழும் நடந்தார். வெகு நேரம் சென்றும் அவர்கள் கையில் அகப்பட்டது நோயாளிக் கினிக்கோழியும் வாத்தும்தான்.

ஆராச்சி தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

"மாத்தயா, கேட்க வாய் வரவில்லை. உங்கள் நோனா கூப்பிட்டால் வருமா?"

நான் அதை என் மனைவிக்கு மொழிபெயர்க்கவில்லை. அவளுக்கு அவ்வளவு சிங்களம் தெரியும். குசினிப் படியிலிருந்து எழும்பி உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொள்வாள் என்று நினைத்தேன். குறுணல் சுளகோடு வெளியே வந்தாள்.

"அந்த ஆக்களை மறைவிலை நிக்கச் சொல்லுங்கோ" என்றாள். "அதுகள் பயந்து ஓடினா, ஒவ்வொண்டாத் துரத்தித் தடியாலை அடிப்பாங்கள்."

சரிவில் அவளைக் கைபிடித்து இறக்கப் போனேன். கையை விலக்கிக்கொண்டு தனியாகவே இறங்கினாள். கல்லைத் தாண்டி, கூட்டின் வாசலில் நின்று, சுளகைத் தட்டினாள். நாள்தோறும் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டாள்.

வெள்ளைப் பேடு முதலில் வந்தது. பிறகு எல்லாம் வந்தன. பலாமரத்துச் சேவலும் இறங்கி, சிறகடித்துக்கொண்டு, மற்றவற்றை இடித்துத் தள்ளி முன்னால் வந்தது. அவள் குறுணலைக் கூட்டுக்குள்ளே வீசினாள். கடைசிக் கோழியும் உள்ளே போன பிறகு கதவைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டாள்.

"தின்னும் மட்டும் பொறுக்கச் சொல்லுங்கோ" என்றாள் என்னிடம்.

நான் ஆராச்சியிடம் சொன்னேன். அவர் சரி என்றார். நாங்கள் எல்லோரும் அங்கேயே நின்றோம்.