அதிகாரிக்குக் கொடுத்த தண்ணீர்

மலைமேல் இருக்கும் பள்ளங்கியில் நான் பஞ்சாயத்து மெம்பராக இருந்த காலத்தில், கோழி கூவும் முன்பே வாசலில் ஆள் கூவும். "மெம்பரே, ஓடையில குதிரைய எறக்கி விட்டுட்டாங்க!" "மெம்பரே, எம்பிள்ளைக்கு மறுபடி வயித்தால போகுது!"

ஊரே அந்த ஓடைத் தண்ணீரைத்தான் குடித்தது. பூண்டு மூட்டை சுமக்கும் குதிரைகளும் அதையேதான் குடித்தன. சோலைக்குள் இருக்கும் ஊற்றிலிருந்து ஒரு குழாய் இழுத்தால் தீர்ந்தது. அதற்காக யூனியன் ஆபீசுக்கு நடந்து நடந்து என் செருப்புத்தான் தேய்ந்தது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பேண்ட் போட்டவரைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதிகாரி நேரில் பார்க்க வருகிறார் என்றதும் சந்தோஷத்தை முந்திக்கொண்டு கவலை வந்தது. ஜீப் வழியில் நின்றுவிட்டால்? அவரை அட்டை கடித்தால்? மழை பெய்தால்? மழை பெய்யாமல் ஓடை தெளிந்துபோனால்?

"பேசாமப் படுங்க. நீங்க கவலப்படாட்டியும் ஜீப்பு வரும்" என்றாள் என் மனைவி.

வந்தது. அட்டையும் கடிக்கவில்லை. வாசலில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, கூடியிருந்தவர்களைப் பார்த்து அதிகாரி கேட்டார்: "சொல்லுங்க, ஊருக்கு என்ன குறை?"

"ஒரு கொறையும் இல்லீங்கய்யா" என்றார், பிள்ளைக்கு வயிற்றால் போகிறது என்று முந்தின நாள்கூட என் கதவைத் தட்டியவர்.

"நீங்க இம்புட்டுத் தூரம் வந்ததே போதுங்க" என்றார் இன்னொருவர்.

வீடு தேடி வந்தவரிடம் குறை சொல்வது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. அத்தனைக்கும் கவலைப்பட்ட நான் இதற்குக் கவலைப்பட மறந்திருந்தேன்.

அதிகாரியை ஓடைப்பக்கம் கூப்பிட்டேன். முதலில் தாகத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்றார். விளக்கிய செம்பில் மனைவி கொண்டுவந்தாள். ஒரே மூச்சில் குடித்தார்.

"அடடா, என்ன ருசி! இதை வச்சுக்கிட்டா குழாய் கேக்குறீங்க? ஓடையைப் பாக்கவே வேண்டாம்" என்று எழுந்துவிட்டார்.

உள்ளே ஓடி, நாங்கள் குடிக்கிற பானையில் ஒரு டம்ளர் மோந்தேன். மனைவி கையைப் பிடித்தாள்.

"ஏங்க, கூறு கெட்டுப்போச்சா? அதப்போயி அவருக்கா? எம்மானம் போயிரும்!"

"போகட்டும்" என்று ஜீப்புக்கு ஓடி டம்ளரை நீட்டினேன்.

"காப்பியா? பால் ஊத்தலையா?" என்றார்.

"நாங்க குடிக்கிற தண்ணிங்க."

"அப்ப நான் குடிச்சது?"

என் நாக்கு ஒட்டிக்கொண்டது. பின்னாலேயே வந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"அது உங்களுக்குன்னு வெள்ளனே சோலைக்குள்ள போயி நான் மோந்தாந்தது. வந்தவுகளுக்கு நல்ல தண்ணி குடுக்கிறது ஒரு தப்பா? தெனமும் அங்க போனா பூண்டுக்காட்டுச் சோலிய யாரு பாக்குறது?"

அவ்வளவுதான். மரியாதை உடைந்தது. "எம்பிள்ளைக்கு நிக்கவே மாட்டேங்குதுங்கய்யா!" என்று ஆரம்பித்தார், குறையே இல்லாதவர். குதிரை, பாசி, தவளை என்று ஆளுக்கொன்றாக ஜீப்பைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"மெம்பர், குழாய்க்கு எழுதுறேன். முதல்ல இவங்களை நகரச் சொல்லுங்க!" என்றார் அதிகாரி.

குழாய் வந்தது. முதல் குடம் பிடித்தவள் என் மனைவி. பிடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்த ஆபீசர எப்படியாச்சும் இன்னொரு தடவ கூட்டியாங்க. நம்ம வீட்டுப் பானையிலருந்தே அவருக்குக் குடுக்கணும்."