வாசலில் கொட்டிய மணல்

பிள்ளைகளே, மணலைக் கண்டால் அப்பா ஏன் பயப்படுகிறார் என்று கேட்டீர்கள். சிப்பாயாக இருந்த நான் யுத்தத்தில் ஜெர்மானியரிடம் கைதியானேன். கடற்கரையைக் காத்த அவர்களுடைய காலாட்படைப் பிரிவு ஒன்று, எங்களைக் கொண்டு மணலில் கண்ணிவெடி புதைத்தது. என் பக்கத்தில் நின்றவன் தவறிக் கால் வைத்தான். அப்புறம் அவன் இல்லை.

ஊர் திரும்பி அல்சூரில் வீடு கட்டும்போது, வாசலில் மணல் கொட்டினார்கள். உங்கள் அக்கா அதில் ஏறப் போனாள். அவளை இழுத்து நிறுத்திவிட்டு, அங்கே பழகியபடி வெடி இருக்கிறதா என்று குடைக்கம்பியால் மணலைச் சாய்வாகக் குத்திப் பார்த்தேன்.

"என்னங்க, ஆத்து மணலுங்க அது!" என்றாள் உங்கள் அம்மா.

"என்னப்பா தேடுறீங்க?" என்றாள் அக்கா.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "அம்மாவோட மூக்குத்தி" என்றேன்.

"இருங்கப்பா, நான் எடுத்துத் தரேன்!" என்று இரண்டு கைகளையும் மணலுக்குள் விட்டாள்.